செம்மரத்தை அறிவோம்

தமிழ்நாட்டிலிருந்து ஆண்டுதோறும் ஏராளமான மக்கள் திருப்பதிக்குப் போகிறார்கள். சிலர் பஸ்ஸில் மலை ஏறுகிறார்கள். சிலர் அலிபிரியிலிருந்து படி ஏறுகிறார்கள். இன்னும் சிலர் ஸ்ரீவாரி மெட்டு வழியாக நடக்கிறார்கள். வழியின் இரு பக்கமும் காடு. அந்த மலைத் தொடரின் பெயர் சேஷாசலம்.

சேஷாசலம் காட்டில் ஒரு மரம் வளர்கிறது. பார்ப்பதற்குச் சாதாரண மரம்தான். மிக உயரமாக வளராது. வாசனையும் இல்லை. ஆனால் இதன் கட்டை ஒரு டன் பல லட்சம் ரூபாய்க்கு விலை போகிறது. சீனாவிலும் ஜப்பானிலும் இதைத் தேடி வாங்குகிறார்கள். இந்த மரத்துக்காகச் சிறைக்குப் போனவர்கள் பலர். உயிரை விட்டவர்களும் உண்டு.

அந்த மரம்தான் செம்மரம்.

பல பெயர்கள்

தமிழில் இதைச் செம்மரம் என்கிறோம். செஞ்சந்தனம் என்ற பெயரும் உண்டு. தெலுங்கில் இதற்கு எர்ர சந்தனம் என்று பெயர். எர்ர என்றால் சிவப்பு. வடமொழியில் ரக்த சந்தனம் என்பார்கள். ரக்தம் என்றால் இரத்தம்.

பெயரில் சந்தனம் இருக்கிறது. ஆனால் இது சந்தன மரம் அல்ல. சந்தன மரம் வேறு இனம். செம்மரம் வேறு இனம். அவரை, புளி, வேங்கை ஆகியவை சேர்ந்த பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது செம்மரம். அதிலும் வேங்கை மரம் இதற்கு மிக நெருங்கிய உறவு.

எங்கே வளர்கிறது?

செம்மரம் எல்லா நாட்டிலும் தானாக வளர்வதில்லை. இந்தியாவிலும் எல்லா இடத்திலும் வளர்வதில்லை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தெற்குப் பகுதிதான் இதன் சொந்த ஊர். திருப்பதி, சித்தூர், கடப்பா, நெல்லூர், கர்நூல் பக்கத்து மலைகளில் இது இயற்கையாக வளர்கிறது. தமிழ்நாட்டின் வட எல்லைக் காடுகளிலும் கொஞ்சம் உண்டு.

சித்தூர் தமிழர்களுக்குப் புதிய ஊர் அல்ல. முன்பு அது வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1911இல் சித்தூர் தனி மாவட்டம் ஆயிற்று. இன்றும் அங்கே தமிழ் பேசும் மக்கள் நிறைய உண்டு. 2022 ஏப்ரல் 4 அன்று சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்துத் திருப்பதி மாவட்டத்தை உருவாக்கினார்கள்.

இந்த மலைகளில் மண் குறைவு. கல்லும் பாறையும் அதிகம். வெயில் கடுமை. மழை குறைவு. இப்படிப்பட்ட இடம்தான் செம்மரத்துக்குப் பிடிக்கும். நிழலில் இது நன்றாக வளராது. வேரில் தண்ணீர் தேங்கினால் கெட்டுவிடும்.

சேஷாசலம் காட்டின் ஒரு பகுதி 1989இல் தேசியப் பூங்கா ஆயிற்று. 2010இல் இந்த மலைப் பகுதியை உயிர்க்கோளக் காப்பகமாக அரசு அறிவித்தது. அங்கு உள்ள மரம், செடி, விலங்கு, பறவை எல்லாவற்றையும் சேர்த்துக் காப்பதே இதன் நோக்கம்.

அடையாளம் காண்பது எப்படி?

செம்மரத்தின் பட்டை கறுத்த பழுப்பு நிறம். பட்டை கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். பார்த்தால் முதலையின் தோல் போலத் தெரியும்.

இலை வில்வ இலையைப் போல இருக்கும். பெரும்பாலும் ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள். வெயில் காலத்துக்கு முன் இலை உதிரும். பிறகு துளிர்க்கும். சித்திரை, வைகாசியில் மஞ்சள் நிறப் பூ பூக்கும். காய் வட்டமாகத் தட்டையாக இருக்கும். சுற்றிலும் மெல்லிய இறகு போன்ற ஓரம் இருக்கும். காய் முற்ற அடுத்த மாசி, பங்குனி ஆகிவிடும். காற்று அடித்தால் முற்றிய காய் பறந்து போய் வேறு இடத்தில் விழும். அப்படித்தான் காட்டில் இந்த மரம் பரவுகிறது.

பட்டையில் வெட்டு விழுந்தால் சிவப்பாகப் பால் கசியும். அது இரத்தம் கசிவது போல இருக்கும்.

வைரம் பாய்ந்த கட்டை

மரத்தைக் குறுக்கே அறுத்தால் இரண்டு நிறம் தெரியும். வெளியே வெளுத்த பகுதி. உள்ளே நிறம் ஏறிய பகுதி. உள்ளே இருக்கும் கெட்டியான பகுதியை வைரம் என்பார்கள். "வைரம் பாய்ந்த கட்டை" என்று கிராமத்தில் சொல்வது இதைத்தான்.

செம்மரத்தில் வைரப் பகுதிக்குத்தான் விலை. வெளுத்த பகுதிக்கு மதிப்பு இல்லை. வைரம் முதலில் ஆழ்ந்த சிவப்பாக இருக்கும். காற்றுப் பட்டு நாள் ஆக ஆகக் கறுஞ்சிவப்பாக மாறும்.

வைரம் உடனே உண்டாகாது. சிறு மரத்தில் வெளுத்த பகுதிதான் அதிகம். மரம் முதிர முதிரத்தான் வைரம் சேரும். நல்ல வைரம் சேர 25, 30 ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். செம்மரத்தின் மதிப்புக்கு முதல் காரணம் இந்தக் காலம்தான். இதை அவசரப்படுத்த முடியாது.

தண்ணீரில் மூழ்கும் மரம்

மரக்கட்டை தண்ணீரில் மிதக்கும். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் செம்மரத்தின் வைரம் தண்ணீரில் மூழ்கும். ஏன்? ஒரு கணக்கைப் பார்ப்போம்.

ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் உள்ள கட்டையை ஒரு கன அடி என்கிறோம்.

ஒரு கன அடி தேக்கு சுமார் 18 கிலோ.
ஒரு கன அடி தண்ணீர் சுமார் 28 கிலோ.
ஒரு கன அடி செம்மரம் சுமார் 31 கிலோ.

தேக்கு தண்ணீரை விட லேசானது. ஆகவே மிதக்கிறது. செம்மரம் தண்ணீரை விடக் கனமானது. ஆகவே மூழ்குகிறது.

இவ்வளவு கனமான கட்டை உறுதியாகவும் இருக்கும். கரையான் இதை எளிதில் அரிக்காது. மண்ணில் புதைத்தாலும் நெடுநாள் தாங்கும். அதனால் அந்தப் பகுதி மக்கள் முன்பு இதை வீட்டுத் தூணாக நட்டார்கள். ஏர், வண்டி, கருவிப் பிடி செய்தார்கள். வேலிக் கம்பமாகவும் ஊன்றினார்கள். இன்று லட்சக்கணக்கில் விலை போகும் மரம் அன்று மாட்டு வண்டிக்கு உதவியது.

சில செம்மரக் கட்டைகளில் ரேகை நேராக ஓடாது. குளத்து அலை போல வளைந்து வளைந்து ஓடும். இழைத்து மெருகு ஏற்றினால் அந்த அலை பளபளக்கும். அலை ரேகை உள்ள கட்டைக்கு விலை மிக அதிகம். ஆனால் எல்லா மரத்திலும் இந்த ரேகை இருப்பதில்லை.

சிவப்புச் சாயம்

செம்மரத்தின் சிவப்புக்குக் காரணம் சாண்டலின் என்னும் சாயப் பொருள். இந்தச் சாயம் பச்சைத் தண்ணீரில் எளிதில் கரையாது. சாராயத்தில் கரையும்.

ரசாயனச் சாயம் வருவதற்கு முன் உலகம் முழுவதும் மரம், வேர், பூ இவற்றிலிருந்துதான் சாயம் எடுத்தார்கள். செம்மரத் தூளால் கம்பளித் துணிக்குச் சாயம் ஏற்றினார்கள். ஐரோப்பாவில் உணவுக்கு நிறம் சேர்க்கவும் இதைப் பயன்படுத்தினார்கள். ஆங்கிலேயர் காலத்தில் சென்னையிலிருந்து செம்மரக் கட்டைகள் கப்பலில் போயின. 1856இல் இங்கிலாந்தில் முதல் ரசாயனச் சாயத்தைக் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு மரச் சாயத்துக்குத் தேவை குறைந்தது.

செம்மரத்தைக் கல்லில் உரைத்தால் சிவப்புச் சாந்து கிடைக்கும். இதைச் சில கோவில்களில் பூசைக்குப் பயன்படுத்துகிறார்கள். சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் இதற்கு இடம் உண்டு. வீக்கத்துக்கும் தோலுக்கும் பற்றாகப் போடுவார்கள். மருந்தாகப் பயன்படுத்துவது என்றால் மருத்துவரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

மரப்பாச்சி பொம்மை

செம்மரத்தை நேரில் பார்க்காதவர்கள்கூட மரப்பாச்சியைப் பார்த்திருப்பார்கள். ஒரு ஆண், ஒரு பெண் என இரண்டு பொம்மைகள். கொலு வைக்கும் வீட்டில் மரப்பாச்சி சோடி கட்டாயம் இருக்கும். கல்யாணத்தில் பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. குழந்தைகள் அதற்குத் துணி கட்டி விளையாடுவார்கள்.

பழைய மரப்பாச்சிகளைச் செம்மரத்தில் செய்தார்கள். கருங்காலியிலும் செய்தார்கள். திருப்பதிக்குப் போனவர்கள் அங்கிருந்து மரப்பாச்சி வாங்கி வருவார்கள். பாட்டி விளையாடிய பொம்மையில் பேத்தியும் விளையாடுவாள். அத்தனை உறுதி. இப்போது கடையில் விற்கும் சில பொம்மைகள் வேறு மரத்தில் செய்து சிவப்புச் சாயம் பூசியவை.

திருப்பதிப் பக்கம் காளஹஸ்திக்கு அருகில் மாதவமாலா என்ற ஊர் உண்டு. அங்கே மரச் சிற்பம் செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. சாமி சிலைகளும் பொம்மைகளும் செதுக்குகிறார்கள். ஒரு கட்டை சிற்பியின் கைக்கு வந்தால் சின்னத் துண்டும் வீணாகாது. பலருக்கு வேலை கிடைக்கிறது. அதே கட்டை திருட்டுத்தனமாக வெளிநாடு போனால் இந்த வேலையும் சேர்ந்து போய்விடுகிறது.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள்?

சீனாவில் செம்மரத்தால் நாற்காலி, மேசை, கட்டில், பெட்டி செய்கிறார்கள். முன்பு சீனப் பேரரசர்களின் அரண்மனையில் இப்படிப்பட்ட சாமான்கள் இருந்தன. ஆகவே செம்மரச் சாமான் வைத்திருப்பதைச் செல்வத்தின் அடையாளமாகக் கருதுகிறார்கள். பெய்ஜிங் நகரில் இந்த மரச் சாமான்களுக்காகவே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அதை 1999இல் திறந்தார்கள்.

ஜப்பானில் ஷாமிசென் என்று ஒரு வாத்தியம் உண்டு. அதற்கு மூன்று தந்திகள். வீணைக்கு இருப்பது போல நீண்ட கழுத்து உண்டு. உயர்ந்த ரக ஷாமிசெனின் கழுத்தைச் செம்மரத்தில் செய்கிறார்கள். கட்டை கெட்டியாக இருப்பதால் தந்தியின் இழுப்புக்கு வளைவதில்லை.

செம்மரம் அணு உலைக்குப் பயன்படுகிறது என்று சிலர் சொல்வது உண்டு. இதற்கு ஆதாரம் இல்லை. அது அதிசய சக்தி தரும் மருந்து என்ற பேச்சுக்கும் ஆதாரம் இல்லை. இப்படிப்பட்ட வதந்திகள் மரத்தின் விலையை ஏற்றத்தான் உதவுகின்றன.

குறைந்து போன மரம்

செம்மரம் வளர முப்பது ஆண்டு வேண்டும். வெட்ட ஒரு மணி நேரம் போதும். இந்த இரண்டு கணக்கும் பொருந்தவில்லை. காட்டில் பெரிய மரங்கள் குறைந்தன. பெரிய மரம் குறைந்தால் விதையும் குறையும். விதை குறைந்தால் புதிய கன்றும் குறையும்.

அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் ஒப்பந்தம் செய்திருக்கின்றன. அதன் பெயர் சைட்டிஸ். 1995இல் செம்மரம் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. காட்டில் வெட்டிய செம்மரத்தை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய இந்தியாவில் தடை இருக்கிறது. கடத்தல்காரர்களிடமிருந்து அரசு பறிமுதல் செய்யும் கட்டைகள் திருப்பதியில் வனத்துறைக் கிடங்கில் சேர்கின்றன. அவற்றைத் தரம் பிரித்து அரசே ஏலம் விடுகிறது.

2016இல் ஆந்திர அரசு தன் வனச் சட்டத்தைத் திருத்தியது. செம்மரக் கடத்தலுக்குத் தண்டனை கடுமை ஆயிற்று. பல ஆண்டுச் சிறையும் பெரிய அபராதமும் உண்டு. எளிதில் ஜாமீன் கிடைக்காது. வெட்டியவருக்கு மட்டும் அல்ல, சுமந்தவருக்கும், வண்டி ஓட்டியவருக்கும், பதுக்கி வைத்தவருக்கும் தண்டனை உண்டு.

காட்டுக்குப் போனவர்கள்

செம்மரக் கடத்தலில் பல படிகள் உண்டு. மேல் படியில் பெரிய முதலாளிகள். அவர்கள் காட்டுக்கு வருவதில்லை. நடுவில் தரகர்கள், மேஸ்திரிகள், வண்டிக்காரர்கள். கீழ்ப் படியில் மரம் வெட்டும் கூலிகள்.

இந்தக் கூலிகளில் பலர் தமிழ்நாட்டு மலை மக்கள். ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, சித்தேரி மலை ஆகிய இடங்களிலிருந்து இவர்களை அழைத்துப் போகிறார்கள். கோடாரி பிடிப்பதில் இவர்கள் கைதேர்ந்தவர்கள். மலை ஏறுவதிலும் சளைக்காதவர்கள். ஊரில் ஆண்டு முழுவதும் வேலை இல்லை. மானாவாரி நிலம் மழையை நம்பி இருக்கிறது. வீட்டில் கடன் இருக்கிறது. மேஸ்திரி வந்து முன்பணம் நீட்டினால் கை தானாக நீள்கிறது.

சிலருக்கு என்ன வேலை என்று தெரிந்தே போகிறார்கள். சிலரிடம் கட்டட வேலை என்றும் தோட்ட வேலை என்றும் சொல்லி அழைத்துப் போவதும் உண்டு.

காட்டில் பல நாள் தங்க வேண்டும். கையில் கொண்டு போன அரிசிதான் சோறு. மரத்தை வெட்டி, வெளுத்த பகுதியைச் செதுக்கித் தள்ளி, வைரத்தை மட்டும் தோளில் சுமக்க வேண்டும். ஒரு கன அடியே 31 கிலோ என்று முன்பே பார்த்தோம். அதைச் சுமந்துகொண்டு இரவில் பாறை வழியில் பல மைல் நடக்க வேண்டும்.

2013 டிசம்பரில் சேஷாசலம் காட்டில் கடத்தல் கும்பலைத் தடுக்கப் போன வன அலுவலர்கள் இருவரை அந்தக் கும்பல் கொன்றது. அவர்களும் குடும்பம் உள்ளவர்கள். சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள். 2014இல் ஆந்திர அரசு செம்மரக் கடத்தலைத் தடுக்கத் தனிப் படை அமைத்தது.

2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதிக்கு அருகில் சந்திரகிரிப் பக்கத்துக் காட்டில் அந்தப் படை சுட்டதில் 20 பேர் இறந்தனர். அவர்கள் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள். தங்களைத் தாக்கியதால் சுட்டோம் என்று காவல் துறையினர் சொன்னார்கள். இறந்தவர்களின் உறவினர்களும் மனித உரிமை அமைப்புகளும் அதை மறுத்தார்கள். தேசிய மனித உரிமை ஆணையம் இதை விசாரணைக்கு எடுத்துக் கொண்டது. இறந்தவர்களின் குடும்பங்கள் ஒரே நாளில் ஆதரவு இழந்தன.

ஓர் உரையாடல்

மலை ஊர்களில் இப்படிப் பேச்சு நடப்பது உண்டு.

"பெரியப்பா, ஒரு மேஸ்திரி வந்திருக்காரு. ஆந்திராவுல வேலையாம். பத்து நாள்தானாம். கை நிறையக் காசு தர்றேன்னு சொல்றாரு."

"என்ன வேலைன்னு கேட்டியாப்பா?"

"தோட்ட வேலைன்னாரு. அதுக்கு மேல சொல்லல."

"எந்த ஊரு? தோட்டம் யாருது? முதலாளி பேரு என்ன?"

"அதெல்லாம் கேக்கல பெரியப்பா. போனை வீட்டுலயே வச்சிட்டு வரச் சொன்னாரு. ராத்திரி வண்டி வருமாம்."

"தோட்ட வேலைக்குப் போறவனை ராத்திரியில ஏன்பா ஏத்தணும்? போனை ஏன் வச்சிட்டுப் போகணும்?"

"..."

"அந்தக் கட்டையை வித்து அவன் மாடி வீடு கட்டுவான். புடிபட்டா உன் பேரு தெரியாதுன்னுடுவான். ஜெயில்ல நீ கெடந்தா வக்கீலுக்கு யாருப்பா காசு குடுப்பாங்க? உங்கம்மா ஆட்டை வித்து ஆந்திராவுக்கும் ஊருக்கும் நடக்கணும்."

"அப்போ கடனை எப்படிப் பெரியப்பா அடைக்கறது?"

"கடனை மெதுவா அடைக்கலாம்பா. நீ இருந்தா அடைக்கலாம்."

இளைஞன் கேட்ட கேள்வி நியாயமானது. கடன் இருக்கிறது. வேலை வேண்டும். மலை ஊரில் வேலையும் கூலியும் கிடைக்க வழி செய்வது அரசின் கடமை. அதைக் கேட்டுப் பெறுவது மக்களின் உரிமை. கிராம சபையில் எழுந்து கேட்கலாம். மனு எழுதிக் கொடுக்கலாம். எழுதக் கற்றவருக்கு இது முடியும்.

யாராவது வழக்கில் சிக்கிவிட்டால் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடி மக்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இந்த உதவி கிடைக்கும். மாவட்ட நீதிமன்றத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுக வேண்டும். 15100 என்ற எண்ணுக்கும் போன் செய்யலாம்.

சொந்த நிலத்தில் செம்மரம்

செம்மரம் வளர்ப்பது குற்றம் அல்ல. காட்டில் திருடுவதுதான் குற்றம். சொந்தப் பட்டா நிலத்தில் யாரும் வளர்க்கலாம். செம்மண், சரளை மண், வறண்ட மேட்டு நிலம் இவை ஏற்றவை. வயல் நிலமும் தண்ணீர் தேங்கும் நிலமும் ஏற்றவை அல்ல.

விதையிலிருந்து கன்று எடுப்பது கொஞ்சம் சிரமம். காயின் தோல் கெட்டியானது. முளைப்பது குறைவு. காயின் இறகு போன்ற ஓரத்தை வெட்டிவிட்டு, மூன்று நாள் தண்ணீரில் ஊற வைத்து விதைப்பார்கள். தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும். வனத்துறை நாற்றங்கால்களிலும் கன்று கிடைக்கும்.

ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம் உள்ள குழி எடுக்க வேண்டும். மேல் மண்ணையும் தொழு உரத்தையும் கலந்து இட வேண்டும். மழை தொடங்கியதும் கன்றை நட வேண்டும். முதல் இரண்டு, மூன்று கோடையில் தண்ணீர் விட வேண்டும். ஆடு, மாடு மேயாமல் காக்க வேண்டும்.

கன்றுக்குக் கன்று நான்கு மீட்டர் இடைவெளி விடுவது வழக்கம். அப்படியானால் ஒரு மரத்துக்கு 4 × 4 = 16 சதுர மீட்டர். ஒரு ஏக்கர் சுமார் 4,000 சதுர மீட்டர். 4,000 ÷ 16 = 250. ஆகவே ஒரு ஏக்கரில் சுமார் 250 மரம் வைக்கலாம்.

முதல் சில ஆண்டுகளில் மரத்தின் நடுவே நிலக்கடலை, உளுந்து, துவரை போடலாம். மரத்திலிருந்து பணம் வர நெடுங்காலம் ஆகும். அதுவரை சோறு போடுவது இந்தப் பயிர்கள்தான். ஆகவே உள்ள நிலம் முழுவதிலும் செம்மரம் நடுவது சரி அல்ல. வரப்பிலும் வேலி ஓரத்திலும் பத்து இருபது மரம் வைத்தாலே போதும்.

30 வயதில் ஒருவர் கன்று நட்டால் மரம் முதிரும்போது அவருக்கு 60 வயது ஆகும். பிள்ளைகளுக்குத்தான் அது முழுதும் பயன்படும். தாத்தா வைத்த மாமரத்தில் பேரன் பழம் பறிப்பது போலத்தான்.

எழுத்தில் இருக்க வேண்டும்

செம்மரம் வளர்ப்பவர் சில காகிதங்களைப் பத்திரமாக வைக்க வேண்டும்.

1. நிலத்தின் பட்டா, சிட்டா.
2. கன்று வாங்கிய ரசீது.
3. மரங்களின் எண்ணிக்கை கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் பதிவாகி இருக்க வேண்டும்.

மரம் முதிர்ந்த பிறகு வெட்டுவதற்கு முன் வனத்துறையின் அனுமதியை எழுத்தில் பெற வேண்டும். கட்டையை வண்டியில் கொண்டு போகத் தனியாகப் பெர்மிட் வேண்டும். அடங்கலில் பதிவு இல்லை என்றால் மரம் எங்கே வளர்ந்தது என்று காட்ட முடியாது. சொந்த மரமே திருட்டு மரம் போல ஆகிவிடும்.

சொந்த நிலத்தில் வளர்த்த செம்மரத்தை வெளிநாட்டுக்கு விற்க 2019இல் மத்திய அரசு விதிகளுடன் அனுமதி அளித்தது. இந்தியாவின் செம்மர வணிகம் 2004 முதல் சைட்டிஸின் தனிக் கண்காணிப்பில் இருந்தது. 2023 நவம்பரில் அது நீங்கியது. இதனால் செம்மரம் வளர்ப்பவர்களுக்கு விற்பனை வழி கொஞ்சம் எளிதாகி இருக்கிறது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. "பணம் கட்டுங்கள். நாங்கள் செம்மரம் நட்டுத் தருகிறோம். பத்தே ஆண்டில் கோடி கிடைக்கும்" என்று சிலர் துண்டுச் சீட்டு கொடுப்பார்கள். பத்து ஆண்டில் செம்மரத்தில் எவ்வளவு வைரம் சேரும்? இப்போது படித்ததை நினைத்துப் பார்த்தாலே விடை தெரியும். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது.

மரமும் மனிதரும்

செம்மரம் மெதுவாக வளர்கிறது. அதனால்தான் கெட்டியாக இருக்கிறது. அதனால்தான் விலை போகிறது. அந்த விலை அதைக் காட்டில் வெட்டும் கூலிக்குக் கிடைப்பதில்லை. அவருக்குக் கிடைப்பது கொஞ்சம் கூலியும் நிறைய ஆபத்தும்தான். தன் நிலத்தில் நட்டு, எழுத்தில் பதிந்து, பொறுமையாகக் காத்திருப்பவருக்குத்தான் அந்த மரம் நன்மை செய்யும். காட்டில் இருப்பதைக் காட்டுக்கு விட்டுவிட வேண்டும். அதன் விதையிலிருந்துதான் எல்லாக் கன்றும் வருகின்றன.

புதிய சொற்கள்

வைரம் – மரத்தின் உள்ளே உள்ள கெட்டியான பகுதி
மெருகு – பளபளப்பு
பறிமுதல் – அரசு சட்டப்படி எடுத்துக் கொள்வது
வதந்தி – ஆதாரம் இல்லாத பேச்சு
அடங்கல் – எந்த நிலத்தில் என்ன பயிர், எத்தனை மரம் என்று காட்டும் கிராமப் பதிவேடு

விடை சொல்லுங்கள்

1. செம்மரம் இயற்கையாக எந்தப் பகுதியில் வளர்கிறது?
2. சந்தன மரமும் செம்மரமும் ஒன்றா? எப்படி வேறுபடுத்தலாம்?
3. செம்மரக் கட்டை தண்ணீரில் ஏன் மூழ்குகிறது?
4. மேஸ்திரி சொன்ன வேலையில் பெரியப்பாவுக்குச் சந்தேகம் வந்தது ஏன்?
5. சொந்த நிலத்தில் செம்மரம் வளர்ப்பவர் என்னென்ன காகிதங்களை வைத்திருக்க வேண்டும்?

கணக்குப் போடுங்கள்

அரை ஏக்கர் நிலத்தில் நான்கு மீட்டர் இடைவெளியில் எத்தனை செம்மரக் கன்று நடலாம்?

பேசுங்கள், எழுதுங்கள்

உங்கள் ஊரிலிருந்து வெளியூர் வேலைக்கு ஆள் எடுக்க வருகிறவரிடம் என்னென்ன கேள்விகள் கேட்க வேண்டும்? எல்லோரும் சேர்ந்து பேசுங்கள். ஐந்து கேள்விகளை எழுதிப் படிப்பு மையத்தின் சுவரில் ஒட்டுங்கள்.